வரி மதிப்பீட்டை எதிர்த்து ஆட்சேபணை தர வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

வடக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்):

எங்கள் வீட்டிற்குப் புதிய சொத்து வரி மதிப்பீட்டு அறிவிப்பு போன வாரம் வந்தது. சென்ற மதிப்பீட்டைவிட வீட்டின் மதிப்பை 40 விழுக்காடு உயர்த்தியிருக்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் நாங்கள் ஒரு செங்கல்கூடக் கூடுதலாக வைக்கவில்லை. வெள்ளையடித்ததே இரண்டு முறைதான். ஆட்சேபணை இருந்தால் 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிப்பின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதில் 6 நாட்கள் போய்விட்டன.

கடிதம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். என் வருமானம் இந்த அளவுக்கு உயரவில்லை, தெருவிளக்குகள் பாதி நாள் எரிவதில்லை, ஒரே தடவையில் இவ்வளவு உயர்த்துவது நியாயமில்லை என்று 2 பக்கங்களுக்கு எழுதியிருக்கிறேன். இதை இப்படியே கொடுக்கலாமா, வழக்கறிஞரிடம் போக வேண்டுமா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய அளவையர்:

அம்மா, அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைப் படிக்கும் அலுவலருக்கு அதில் ஒரு வரியின் மீதுகூட நடவடிக்கை எடுக்க அதிகாரம் கிடையாது. வருமானக் குறைவுக்கு வரிச்சலுகை இருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. தெருவிளக்குக்குத் தனிப் புகார் உண்டு. மதிப்பீட்டு ஆட்சேபணையில் உங்கள் வீட்டைப் பற்றி அவர்கள் பதிவு செய்திருக்கும் விவரம் சரியா, அந்த விவரத்திலிருந்து அவர்கள் வந்தடைந்த மதிப்பு சரியா என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே இடம் இருக்கிறது. நான் மேசைக்கு அந்தப் பக்கம் 24 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். பத்துப் பக்கக் கண்ணீரைவிட, அளவு குறித்த ஒரு கைவரைபடம் எனக்கு அதிக வேலை வைத்தது.

மதிப்பு வேறு, வரி விகிதம் வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விகிதத்தைத் தீர்மானிப்பது உள்ளாட்சி மன்றம்; அதை எதிர்க்கும் இடம் மன்றக் கூட்டமோ தேர்தலோதான். மதிப்பு 40 விழுக்காடு உயர்ந்தால் வரியும் 40 விழுக்காடு உயரும் என்று நினைத்துவிடாதீர்கள். திரட்ட வேண்டிய மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதை மதிப்புகளின் விகிதத்தில் பங்கிடும் ஊர்களில், எல்லா வீடுகளின் மதிப்பும் சராசரியாக 30 விழுக்காடு ஏறி உங்களுடையது 40 ஏறியிருந்தால், மொத்தத் தொகை மாறாத நிலையில் உங்கள் வரி ஏறக்குறைய 7.7 விழுக்காடுதான் கூடும். விகிதம் நிலையாக இருக்கும் ஊர்களில் முழு 40-உம் உங்கள் தலையில் விழும். உங்கள் ஊர் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, இன்றே நகல் மனு கொடுத்து உங்கள் வீட்டின் மதிப்பீட்டுப் பதிவேட்டுப் பக்கத்தை வாங்குங்கள். கையில் வந்திருக்கும் அறிவிப்பு கடைசி எண்ணை மட்டும்தான் சொல்லும். பரப்பு எவ்வளவு, எத்தனை தளம், கட்டிய ஆண்டு எது, கூரை என்ன வகை, குடியிருப்பா வணிகமா, நீங்களே குடியிருக்கிறீர்களா வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கணக்கிடும்போது யாரும் உங்கள் வீட்டுக்குள் வந்து பார்ப்பதில்லை. பழைய பதிவில் இருக்கும் பிழை, புதிய மதிப்பீட்டிலும் அப்படியே குடியிருக்கும்.

மொட்டைமாடி:

பெரியவர் சொல்வதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 3 ஆண்டுகளுக்கு முன் என் ஆட்சேபணை தள்ளுபடியானது. என் வீட்டைப் போன்ற 5 வீடுகள் என்ன விலைக்கு விளம்பரம் செய்யப்பட்டிருந்தன என்று இணையத்திலிருந்து எடுத்துக் கோப்பாகக் கட்டிக்கொண்டு போனேன். விசாரணை அலுவலர் முதல் தாளைப் பார்த்தவுடன், “இவை விற்பவர் கேட்கும் விலைகள்; வாங்கியவர் கொடுத்த விலைகள் எங்கே?” என்று கேட்டார். என்னிடம் இல்லை. பதிவான விற்பனை என்று ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் அண்ணன் தம்பிக்குள் நடந்த கிரயம் என்பதால் அதையும் ஒதுக்கிவிட்டார். மொத்தம் 7 நிமிடங்களில் வெளியே வந்துவிட்டேன்.

சட்டமேசை:

மொட்டைமாடி ஐயாவின் கோப்பில் இன்னொரு குறையும் இருந்திருக்கக்கூடும். ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒரு மதிப்பு நாள் உண்டு. வீடு அந்த நாளில் என்ன பெறும் என்பதுதான் கேள்வி. இன்றைய விலை அந்தக் கேள்விக்கு விடையாகாது. இங்கிலாந்தில் உள்ளாட்சி வரிக்கு இன்றும் 1991 ஏப்ரல் 1 அன்றைய மதிப்புதான் அடிப்படை. வேல்ஸ் பகுதியில் அது 2003 ஏப்ரல் 1. கனடாவின் ஒன்டாரியோவில் 2016 ஜனவரி 1 என்ற நாள் பல ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய திருத்தத்தின்படி, வீடு கை மாறும்வரை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பை உயர்த்த முடியாது. எனவே “இப்போது சந்தை விழுந்துவிட்டது” என்ற வாதம் ஓர் இடத்தில் வலுவானதாகவும் வேறோர் இடத்தில் பொருளற்றதாகவும் இருக்கும். உங்கள் அறிவிப்பில் மதிப்பு நாள் எதுவென்று தேடிப் பிடித்து, அதற்கு முன்னும் பின்னும் சில மாதங்களுக்குள் நடந்த விற்பனைகளை மட்டும் எடுங்கள்.

வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் நிலை ஆட்சேபணைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, கெடு. மிக நியாயமான ஆட்சேபணையும் ஒரு நாள் தாமதமானால் குப்பைக் கூடைக்குப் போய்விடும். முழு ஆதாரமும் திரளவில்லை என்றாலும் சுருக்கமான ஆட்சேபணையைக் கெடுவுக்குள் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். ஆவணங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஆட்சேபணை நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வரி கட்டுவதை நிறுத்த வேண்டாம். கட்டினால்தான் மேல்முறையீட்டையே ஏற்போம் என்று பல சட்டங்கள் சொல்கின்றன; அப்படிச் சொல்லாத இடங்களிலும் தாமத வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். “ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்தப்படுகிறது” என்று எழுதிக் கட்டுங்கள்.

வடக்குவாசல்:

உங்கள் எல்லோருக்கும் நன்றி. கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பதிவேட்டுப் பக்கம் 4 நாட்களில் கிடைத்தது. அதைப் படித்த பிறகு, 40 விழுக்காடு என்ற எண்ணில் எனக்கு அக்கறை போய்விட்டது.

எங்கள் வீடு 2 தளங்கள் என்றும், தளத்திற்கு 832 சதுர அடி வீதம் மொத்தம் 1,664 சதுர அடி என்றும், கட்டிய ஆண்டு 2011 என்றும் பதிவு இருக்கிறது. கீழ்த்தளத்தின் வெளிச்சுவர் அளவு 32-க்கு 26 அடி, அது சரி. ஆனால் மேல்தளத்தை அவர்கள் அளந்ததே இல்லை. கீழே உள்ளதுதான் மேலேயும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு அதே எண்ணை இரண்டாம் முறை எழுதியிருக்கிறார்கள். எங்கள் கூடம் இரண்டு தள உயரத்திற்கும் ஒரே வெளியாகத் திறந்திருக்கும். மேல்தளத்தில் அந்த இடத்தில் தரையே கிடையாது, கைப்பிடிச் சுவர்தான் இருக்கிறது. என் மகன் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையோடு சுற்றி நடந்து அளந்தேன்: 14-க்கு 12, அதாவது 168 சதுர அடி வெறும் காற்று. பின்பக்கம் 13-க்கு 10 அடி திறந்த மாடி இருக்கிறது. அதற்குக் கூரை இல்லை, துணி உலர்த்துகிறோம். அதையும் அறையாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் கழித்தால் 1,366 சதுர அடிதான் வருகிறது.

கட்டிய ஆண்டிலும் பிழை இருக்கிறது. கீழ்த்தளம் 1994-இல் கட்டியது. மேல்தளம் மட்டுமே 2011. முழு வீடும் 2011 என்று போட்டிருப்பதால் கீழ்த்தளத்திற்கு 17 ஆண்டுத் தேய்மானம் விட்டுப்போயிருக்கிறது. தவிர, மேற்குச் சுவரில் ஈரக்கசிவும் இருக்கிறது. அதையும் சேர்க்கலாமா?

பழைய அளவையர்:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இனி மதிப்பைப் பற்றி வாதாட வேண்டியதில்லை. பதிவில் உள்ள பிழையைத் திருத்தக் கேட்டால் போதும். மதிப்பு என்பது ஒருவரின் கருத்து, அதில் அலுவலரின் கருத்துக்குத்தான் முதலில் எடை இருக்கும். நாடாவின் அளவு அப்படியல்ல. வந்து அளந்து பாருங்கள் என்று சொன்னால் வந்து அளந்துதான் தீர வேண்டும்.

ஆனால் சில எச்சரிக்கைகள். அலுவலகங்கள் பெரும்பாலும் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளக்கும். உட்புற அளவைக் காட்டி “பாருங்கள், குறைகிறது” என்றால் எடுபடாது. நீங்கள் வெளியளவைத்தான் எடுத்திருக்கிறீர்கள், நல்லது. திறந்த மாடியைச் சில விதிகள் முழுதாக விட்டுவிடும், சில விதிகள் பாதிப் பரப்பாகக் கொள்ளும். முழுக் கழிவு கேட்கும் முன் விதியைப் படியுங்கள். கட்டிய ஆண்டுக்கு வெறும் வாய்ச்சொல் போதாது. 1994-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட காலத்துப் பழைய வரி ரசீதோ, மின் இணைப்புத் தாளோ, அனுமதி வரைபடமோ வேண்டும். ஈரக்கசிவைச் சேர்க்கலாம், ஆனால் அதை நம்பியிருக்காதீர்கள். பராமரித்தால் சரியாகிவிடும் குறைக்கு மதிப்பைக் குறைக்கப் பெரும்பாலும் ஒப்புவதில்லை. அடித்தளம் இறங்கிச் சுவர் பிளந்திருந்தால் கதை வேறு.

இன்னொன்று கேட்க வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அளக்க வருபவர் கூடத்தோடு நிற்கமாட்டார், வீட்டைச் சுற்றி வருவார். பதிவேட்டில் இல்லாத ஏதேனும் ஒன்று உங்கள் மனையில் இருக்கிறதா?

வடக்குவாசல்:

பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது. 9-க்கு 8 அடி. செங்கல் சுவர், தகரக் கூரை. என் மாமனார் காலத்தில் போட்டது.

பழைய அளவையர்:

அப்படியென்றால் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே மனு கொடுங்கள். 72 சதுர அடி கூடலாம், 298 குறையலாம். கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. கணக்கு எதிர்ப்பக்கம் சாய்பவர்கள் ஆட்சேபணை கொடுக்கும் முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது. சட்டமேசை குறிப்பிட்ட இங்கிலாந்தில், மறுஆய்வு கேட்டவரின் வரிப் படிநிலை உயரவும் செய்யலாம், அவரோடு அண்டை வீட்டாரின் படிநிலையும் உயரலாம் என்று அலுவலகமே முன்கூட்டி எச்சரிக்கிறது.

வெளியிலிருந்து கண்ணால் பார்த்து வரி போடும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1696-இல் இங்கிலாந்தில் சன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். மக்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1851-இல்தான் அந்த வரி நீங்கியது. அதற்காகக் கொட்டகையை இடித்துவிடாதீர்கள். மதிப்பு நாளில் அது இருந்தது, எனவே இடித்தாலும் இந்த மதிப்பீட்டுக்கு அது இருப்பதாகவே கருதப்படும்.

நான்காம்தளம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் விற்பனை மதிப்பைப் பார்ப்பதில்லை; ஆண்டு வாடகை மதிப்பு என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். நான் சொந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறேன், ஒரு நாளும் வாடகைக்கு விட்டதில்லை. வராத வாடகைக்கு எப்படி ஆட்சேபணை எழுப்புவது? என் தளத்திலேயே ஒரே அளவுள்ள இன்னொரு வீட்டின் மதிப்பு என்னுடையதைவிட 15 விழுக்காடு குறைவாக இருக்கிறது.

சட்டமேசை:

ஆண்டு மதிப்பு முறையில் உங்களுக்கு வாடகை வருகிறதா என்பது கேள்வியே அல்ல. விட்டிருந்தால் நியாயமாக என்ன வந்திருக்கும் என்பதே கேள்வி. எனவே ஒப்பீட்டுக்கு எடுத்த வாடகைகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். சிங்கப்பூரில் அறைகலன்களுக்கும் பராமரிப்புக்கும் உரிய பங்கை நீக்கிவிட்டுத்தான் ஆண்டு மதிப்பைக் கணக்கிட வேண்டும். அத்தகைய விதி இருக்கும் இடத்தில், கட்டில் பீரோவோடு விடப்பட்ட வீட்டின் வாடகையை வெறும் வீட்டோடு ஒப்பிட்டிருந்தால் அதுவே உங்கள் ஆட்சேபணைக்கு முதல் காரணம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் கட்டடத்தின் ஆண்டு மதிப்பு, நியாய வாடகை இன்னும் நிர்ணயிக்கப்படாத நிலையிலும், அச்சட்டப்படி வரக்கூடிய நியாய வாடகையைத் தாண்டக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்த வீட்டுக்கு ஏன் குறைவு என்ற கேள்வி தனி வகை. அதைச் சமச்சீரின்மை என்பார்கள். சந்தை மதிப்புக்குள்தான் உங்கள் மதிப்பீடு இருக்கிறது என்றாலும், மற்ற வீடுகள் எல்லாம் சந்தை மதிப்பில் 80 விழுக்காட்டிலும் உங்களுடையது மட்டும் 95-இலும் இருந்தால், அதுவே குறைப்பதற்குப் போதுமான காரணம் என்று கொள்ளும் இடங்கள் உண்டு. உண்மை மதிப்பும் சமச்சீரும் ஒன்றாகக் கிடைக்காதபோது சமச்சீருக்கே முதலிடம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-இல் சொன்னது. அதே நீதிமன்றம் 1992-இல், கலிபோர்னியாவில் ஒரே மாதிரியான வீடுகளுக்கு வாங்கிய ஆண்டைப் பொறுத்து வெவ்வேறு வரி வருவதைச் செல்லும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே இந்த வாதம் உங்கள் சட்டத்தில் செல்லுமா என்று பார்த்துவிட்டுத்தான் அதில் கால் வைக்க வேண்டும்.

மொட்டைமாடி:

எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. அடுத்த வீட்டு எண்ணைக் கொண்டுபோய் அலுவலரின் மேசையில் வைத்தால், என்னுடையது குறையும் என்று என்ன உத்தரவாதம்? அவருடையதை உயர்த்திவிட்டால்? தினமும் படியில் எதிர்ப்படும் மனிதர் அவர்.

பழைய அளவையர்:

நியாயமான நெருடல்தான். நானே அப்படி உயர்த்தியிருக்கிறேன், மறைக்கவில்லை. அதனால்தான் ஒரே ஒரு வீட்டைச் சுட்டுவதைவிடத் தெருவின் 8 அல்லது 10 வீடுகளைச் சேர்த்து, சதுர அடிக்கு என்ன மதிப்பு வருகிறது என்று வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணைக் காட்டச் சொல்வேன். அப்போது அது ஒரு மனிதரைப் பற்றிய புகாராக இருக்காது. சர்வதேச மதிப்பீட்டு அலுவலர்கள் சங்கத்தின் தரநிலையும் இந்த வழியில்தான் போகிறது: மதிப்பீட்டை விற்பனை விலையால் வகுத்து வரும் விகிதங்களின் நடு எண் 0.90-க்கும் 1.10-க்கும் இடையில் இருக்க வேண்டும், குடியிருப்பு வீடுகளில் அந்த விகிதங்களின் சராசரிச் சிதறல் (நடு எண்ணிலிருந்து அவை சராசரியாக விலகி நிற்கும் அளவு) 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. நான்காம்தளம் அவர்களே, 15 விழுக்காட்டு வேறுபாட்டை வைத்து மட்டும் வென்றுவிட முடியும் என்று நினைக்க வேண்டாம். அந்த வீட்டின் பதிவேட்டையும் பார்க்க முடிந்தால் பாருங்கள். பல நேரம் அங்கே ஒரு பால்கனியை எண்ண மறந்திருப்பார்கள்.

வடக்குவாசல்:

விசாரணை நேற்று முடிந்தது. கெடுவுக்கு 9 நாட்கள் முன்பே மனுவைக் கொடுத்துவிட்டேன். ஒரே பக்கம்தான், பின்னிணைப்பாக வரைபடமும் 6 புகைப்படங்களும். கூடத்தின் புகைப்படத்தைக் கீழிருந்து கூரையைப் பார்த்து எடுத்திருந்தேன். மேல்தளம் என்று அவர்கள் எழுதிய இடத்தில் மின்விசிறி தொங்குவது அதில் தெளிவாகத் தெரியும். மனுவை வாங்கிய அலுவலர் அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் அளவர் வந்து அளந்தார்.

168 சதுர அடியை முழுமையாக நீக்கினார்கள். திறந்த மாடியை இங்குள்ள விதிப்படி பாதியாகக் கொள்ள வேண்டுமாம். எனவே 130-இல் 65 மட்டும் குறைந்தது. கொட்டகை 72 கூடியது. 1,664 இப்போது 1,503 ஆகியிருக்கிறது, அதாவது 9.7 விழுக்காடு குறைவு. ஈரக்கசிவைப் பராமரிப்புக் குறை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். கட்டிய ஆண்டில்தான் சிக்கல் வந்தது. கீழ்த்தளம் பழையது என்பதற்கு ஆவணம் கேட்டபோது என்னிடம் இருந்த ரசீதுகள் எல்லாம் 2012-க்குப் பிந்தையவை. மாமியாரின் இரும்புப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், 1997-ஆம் ஆண்டின் வரி ரசீது ஒன்று மடித்து இருந்தது. மடிப்பு ஓடிய இடத்தில் எழுத்துகள் அழிந்திருந்தன, ஆனால் கதவு எண்ணும் ஆண்டும் தப்பியிருந்தன. கீழ்த்தளத்தின் ஆண்டை 1994 என்று திருத்திவிட்டார்கள். தேய்மானக் கணக்கு தனியாக வரும் என்றார்கள்.

மொட்டைமாடி:

வாழ்த்துகள். அதிகமாகக் கட்டிய தொகையைத் திருப்பித் தருகிறார்களா?

வடக்குவாசல்:

கையில் தருவதில்லை, அடுத்த தவணையில் கழித்துக்கொள்வார்களாம். முந்தைய ஆண்டுகளுக்கும் இதே பிழையில்தானே கட்டினோம் என்று கேட்டேன். இந்த மதிப்பீட்டுக்கு மட்டும்தான் ஆட்சேபணை வந்திருக்கிறது, பழையவற்றுக்குக் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். உத்தரவை எழுத்தில் வாங்கியிருக்கிறேன். மேல்முறையீட்டுக்கு 45 நாட்கள் இருக்கின்றன, ஆனால் போகப் போவதில்லை. திருத்திய பதிவேட்டுப் பக்கத்துக்கு மட்டும் நேற்றே நகல் மனு கொடுத்துவிட்டு வந்தேன்.